தூளிக்கயிறும் எழுபத்தாறும்

கயிற்றின் ஒரு நுனி தூளியின் அடியில், மறு நுனி இசக்கிராஜாவின் வலதுகால் பெருவிரலில். விரலை மடக்கினால் தூளி வரும், நீட்டினால் போகும், அது பாட்டுக்கு வந்து போகட்டும், கை ரெண்டும் சும்மா கிடைக்கிறதே, அதுதான் விசேஷம், ஒரு கையில் பேனா, ஒரு கையில் ஸ்கேல், மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் அவன் மனைவி பிரம்மசக்தி தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து கொண்டுவந்து போடும் வீணாய்ப்போன தாள். முன்பக்கம் யாருக்கோ வரவேண்டிய சர்க்கரை அளவு பாதி அச்சில் மங்கி நிற்கும், பின்பக்கம் பால் மாதிரி வெள்ளை, அதில் அவன் பீம் என்கிற உத்தரம் போடுவான், பாலம் போடுவான், தூண் நடுவான். தூளிக்குள் மகள் தாமிரா தூங்குகிறாள், பல் முளைக்கிற வயசு, வாய் ஓயாத வயசு, தூங்கினால்தான் வாயும் ஓயும். தூளிச் சேலை பிரம்மசக்தியின் வளைகாப்புச் சேலை, பச்சை, ஜரிகை வெளிப்பக்கமாய்ப் போயிருந்தது, உள்ளே உறுத்தினால் பிள்ளைக்கு வலிக்கும் என்று. மேலே கூரையில் கொக்கி. அந்தக் கொக்கிக்கு அவன் போட்ட கணக்கு தெருவுக்கே தெரியும், பிள்ளையின் எடை, ஆட்டத்தின் வேகம், அதற்குமேல் பாதுகாப்புக்கு இத்தனை மடங்கு என்று பெருக்கிப் பெருக்கி, கடைசியில் கடைக்காரர் லாரி கட்டி இழுக்கிற கொக்கியைத் தூக்கிக் கொடுத்தார், "தூளி கட்டச் சொன்னா இவுக ஆத்துப்பாலம் கட்டுதாக" என்று பிரம்மசக்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வீட்டுச் சொந்தக்காரர் அருணாசலம் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்து, "தம்பி, இதுல யானைக்குட்டி தூங்குமாவே?" என்றார். தூங்கட்டும். யானைக்குட்டிதான். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, உதவிப் பொறியாளர் பரீட்சை, மூன்றாவது தடவை, இந்தத் தடவை தவறினால் தோஹாவில் மச்சான் இடம் பார்த்து வைத்திருக்கிறார், சைட் சூப்பர்வைசர் வேலை, போனால் ரெண்டு வருஷம் திரும்பிப் பார்க்க முடியாது, தாமிரா நடப்பதை போனில்தான் பார்க்க வேண்டும், அப்பா என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம், விரலால் தள்ளினால் போய்விடுகிற முகம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். விரல் மடங்கியது. தூளி வந்தது. இப்போது அதை நினைக்காதே, இப்போது பீம்.

பீம் என்றால் சாதாரண பீம் இல்லை, மூன்று கண் பீம். பாலத்துக்குக் கண் என்று சொல்கிற ஊர் இது, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் தண்ணீர் ஓடுகிற இடம் கண். சின்ன வயசில் ஆற்றுப்பாலத்தில் கைப்பிடிச்சுவரைத் தொட்டுக்கொண்டு அவன் நிற்பான், பஸ் அந்தக் கண்ணில் ஏறும்போதே இந்தக் கண்ணில் கைக்குள் ஒரு நடுக்கம் வரும், பஸ் இன்னும் இங்கே வரவே இல்லை, ஆனால் வந்துவிட்டதாகப் பாலம் சொல்கிறது, அங்கே பாரம், இங்கே சிலிர்ப்பு, உடம்பெல்லாம் அவனுக்குப் புல்லரிக்கும், இப்போதும் புல்லரிக்கிறது, அந்த நடுக்கத்துக்காகத்தான் இந்தப் படிப்புக்கே வந்தான், யாரிடமும் சொன்னதில்லை, இண்டர்வியூவில் கேட்டால்கூடச் சொல்ல மாட்டான், சிரிப்பார்கள். சரி, மூன்று கண். முனைகளுக்குப் பெயர் ஏ, பி, சி, டி. ஏயும் டியும் சுவருக்குள் இறுகிக் கிடக்கின்றன. முதல் கண்ணில் மட்டும்தான் பாரம், மற்ற ரெண்டும் வெறும் கண். கேள்வி என்னவென்றால் ஏ முனையில் சுவர் எவ்வளவு திருகலைத் தாங்குகிறது, அவ்வளவுதான் கேள்வி. இதற்கு ஒரு வழி இருக்கிறது, எவனோ ஒரு நல்ல மனசுக்காரன் கண்டுபிடித்த வழி. முதலில் எல்லா முனையையும் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொள். பூட்டினால் பாரம் ஏயில் அறுபது திருகும், பியில் அறுபது எதிர்ப்பக்கம் திருகும். இப்போது பியின் பூட்டைத் திற. அறுபதைத் தனியாக வைத்துக்கொள்ள பியால் முடியாது, இந்தப் பக்கக் கைக்கு முப்பது, அந்தப் பக்கக் கைக்கு முப்பது என்று பங்கு போட்டு, பிளஸ் மைனஸ் குறியை மாற்றி, தன்னைச் சமன் செய்துகொள்ளும். பங்கு வாங்கிய கை சும்மா இருக்குமா, வாங்கியதில் பாதியைத் தன் மறுமுனைக்குக் கடத்தும், ஏ முனைக்குப் பதினைந்து, சி முனைக்குப் பதினைந்து. இப்போது சியின் பூட்டைத் திற, அது ஏழரை ஏழரையாகப் பிரிக்கும், பாதியைக் கடத்தும், மூணே முக்கால் மறுபடி பி முனைக்கு வரும், பி அதைப் பிரிக்கும், இப்படியே பாதியாகிப் பாதியாகி, தூளியை ஆட்டிவிட்டு விட்டுவிட்டால் எப்படி அடங்கும், அப்படி அடங்கும். இதைவிட அழகான கணக்கு உலகத்தில் உண்டா. பிள்ளையைத் தூங்கப்பண்ணவே கண்டுபிடித்த கணக்கு. அவன் இதைத் தாலாட்டாகவே பாடுகிறான், ராகம் அவன் வீட்டு ராகம், சொல்தான் சிவில் என்ஜினியரிங்.

அறுபதே பிளஸ்ஸே ஆராரோ, முப்பதே மைனஸே ஆரிரரோ, பதினஞ்சே பிளஸ்ஸே ஆராரோ, ஏழரையே மைனஸே ஆரிரரோ. தூளி வரும்போது பிளஸ், போகும்போது மைனஸ். கச்சிதமாய் உட்கார்ந்தது. தாமிராவுக்கும் இது பழகிவிட்டது, மூணே முக்கால் வருவதற்குள் கண் சொருகிவிடும், பாவம், கணக்கின் விடை என்ன என்று அவளுக்கு இன்னும் தெரியாது. விடை நாற்பத்து நாலு. அறுபதில் பதினைந்து போய், அப்புறம் கொசுறு கொஞ்சம் போய், நாற்பத்து நாலு. இன்றைக்கும் அதேதான் வந்தது. பேனாவை மூடி வைத்தான். திறந்தான். ஏனென்றால் மாதிரித் தேர்வு நடத்தினவர்கள் வெளியிட்ட விடைத்தாளில் எழுபத்தாறு என்று இருந்தது.

விடைத்தாள் தப்பு. அதுதான் குழுவில் முடிவு. பரீட்சைக்குப் படிக்கிற ஜனங்களுக்கு இது ஒரு மரபு, நமக்கு வந்ததும் விடைத்தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் விடைத்தாள்தான் தப்பு, கேள்வி தப்பு, மொழிபெயர்ப்பு தப்பு, கடைசியில் நேரமிருந்தால் நாம். போனில் 'பீம் பாய்ஸ்' என்று குழு, கனிராஜ் ஆரம்பித்தது, கல்லூரியில் இசக்கிராஜாவுக்குப் பக்கத்துப் பெஞ்சு, குரல் என்றால் அப்படி ஒரு குரல், மைக் இல்லாமல் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்யலாம். குறிக்குச் சூத்திரம் சொன்னதும் அவன்தான், "ஒவ்வொரு அடிக்கும் குறி மாறும்லே, மண்டையப் போட்டு உடைக்காத, மாத்து, மாத்து, மாத்து, போயிட்டே இரி." எல்லோரும் மாற்றினார்கள், எல்லோருக்கும் நாற்பத்து நாலு. இத்தனை பேருக்கு ஒரே விடை வந்தால் அது எப்படித் தப்பாகும். அதுவும் பியில் பார், இந்தப் பக்கம் பிளஸ் இருபத்தெட்டு, அந்தப் பக்கம் மைனஸ் இருபத்தெட்டு, கூட்டினால் பூஜ்யம், சமன், தராசு முள் நட்டுக்குத்தலாய் நிற்கிறது. நடுவில் சரியாக இருக்கிற கணக்கு ஓரத்தில் தப்பாக இருக்குமா. இருக்காது என்று கனிராஜ் சொன்னான். இருக்குமோ என்று இசக்கிராஜாவுக்கு ஒரு முள். அன்றைக்கே கேட்டிருக்கலாம், வாய் வரை வந்தது, அவன் வாய்க்கு வந்தது எது வெளியே வந்திருக்கிறது, பேசத் தொடங்குவதற்குள் கனிராஜ் விடைத்தாளைத் திருத்தச் சொல்லி எல்லோர் பெயரையும் போட்டு மனு அனுப்பிவிட்டான், இவன் பெயர் நாலாவது. போன பரீட்சையில் இதே மாதிரி ஒரு கேள்வி. வேலை ஒரே ஒரு கேள்வியில் கைநழுவிப் போனது. இதுதானா அது? அதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், கேள்வி எடுக்கிறவர் கெட்டிக்காரர், நாம் எங்கே சறுக்குவோம் என்று அவருக்குத் தெரியும், நம் சறுக்கலையும் ஒரு விடையாக அச்சடித்து ரெண்டாவது இடத்தில் உட்கார்த்தி வைத்திருப்பார், வா மாப்பிளே வா என்று, நாமும் சொந்தக்காரனைக் கண்டதுபோல் ஓடிப்போய் வட்டத்தைக் கருப்பாக்குவோம். அந்தக் கருப்பு வட்டம் மெதுவாகப் பெரிதாகி விமான ஜன்னல் ஆனது. விமான ஜன்னலுக்குக் கீழே ஒரு பச்சைச் சேலை. விரல் மடங்க மறந்துவிட்டது. தூளி சின்னதாகி, இன்னும் சின்னதாகி, தாமிரா உள்ளே 'ம்' என்றாள். மடக்கினான், நீட்டினான். ஆராரோ.

போன் அட்டைக்குக் கீழே முனகியது. கனிராஜின் குரல் செய்தி, அதை முழுச் சத்தத்தில் வைத்தால் அடுத்த தெருப் பிள்ளையும் எழுந்துவிடும், காதில் அமுக்கிக் கேட்டான். "ஏ தூளி எஞ்சினியரு, பாலாடையக் கழுவியாச்சா? இல்ல, இன்னும் மூத்திரத்துணிதான் ஓடுதா? ஞாயித்துக்கிழம ஹால்ல கையி எழுதும்போது காலு ஆடிச்சின்னா சூப்பர்வைசரு வெளிய புடிச்சுத் தள்ளிருவாரு, பாத்துக்க. அந்த மூணு கண்ணு கணக்கு நாப்பத்திநாலுதாம்ல, உறுதியாச்சு, நம்ம மனுவுக்குப் பதில் வரலைன்னா என்ன அர்த்தம், அவனுக பயந்துட்டானுகன்னு அர்த்தம்." இசக்கிராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமில்லாமல் சிரித்ததில் அட்டை ஆடி, பேனா உருண்டு, பாயின் விளிம்பைத் தாண்டி, கதவு வரை போய் நின்றது. கைக்கு எட்டவில்லை. எழுந்து போகலாம் என்றால் காலில் கயிறு கட்டியிருக்கிறது, கால் நகர்ந்தால் தூளி கோணும், தூளி கோணினால் யானைக்குட்டி பிளிறும். இடது காலை நீட்டினான். முதுகைச் சாய்த்து, பாயில் முக்கால்வாசி படுத்து, வலது பெருவிரல் தன் வேலையை விடாமல் மடங்கி நீள, இடது கட்டைவிரலால் பேனாவைச் சுரண்டிச் சுரண்டி இழுத்தான். யாராவது பார்த்தால் வலிப்பு என்று சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். பேனா வந்தது. ஜெயித்த சந்தோஷம். இந்தச் சந்தோஷம் எல்லாம் தோஹாவில் கிடைக்குமா, அங்கே பேனா விழுந்தால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம், எடுத்து என்ன செய்ய. பரீட்சைக்குப் படிக்கவென்று அவன் வேலையை விட்ட அன்றைக்குப் பிரம்மசக்தி, "சரி, நீங்க புள்ளயப் பாத்துக்கிட்டுப் படிங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள், அவ்வளவுதான், மறுநாளிலிருந்து காலையில் வெளிச்சம் வருமுன் வீடுவீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலையையும் சேர்த்துக்கொண்டாள். நான் வீட்டில் இருப்பதால் அவளுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அறுபதில் பதினைந்து குறைந்து நாற்பத்து நாலு. அப்படித்தானே. தூளி போனது. வந்தது. அப்படித்தானா?

தெருவில் பழைய இரும்பு, பழைய ஈயம் பித்தாளைக்கு என்று ஒலிபெருக்கி கட்டின வண்டி வந்தது, குரலைப் பதிவு செய்து போட்டிருக்கிறான், கனிராஜின் சித்தப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும். இசக்கிராஜா விரலை வேகமாக மடக்கினான், பாட்டைக் கொஞ்சம் உயர்த்தினான், பதினஞ்சே பிளஸ்ஸே, ஒன்றும் பலிக்கவில்லை, பச்சைச் சேலையின் விளிம்பு விலகி முதலில் அஞ்சு விரல் வெளியே வந்தது, பிறகு ஒரு கண், பிறகு முழு முகம், தூக்கத்தில் வீங்கி, தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு, இவன் யார் என்று ஒரு கணம் யோசித்து, ஆ, இவனா, என்று எச்சில் வழியச் சிரித்தது. போச்சு. படிப்பு முடிந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு என்ன செய்ய முடியும், இவனும் சிரித்தான். அவளுக்கு அவன் முகம் வேண்டாம், கையில் இருக்கிற ஸ்கேல்தான் வேண்டும், மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்கேல், அதன் ஒரு நுனி ஏற்கெனவே அவள் ஈறு பட்டுப் பட்டு எண்ணெல்லாம் அழிந்து கிடந்தது. "இந்தாட்டி, புடி" என்று நீட்டினான். பிடித்தாள். மறு நுனி அவன் கையில். அவள் இழுக்க, அவன் விட மாட்டேன் என்று விளையாட்டுக்கு மணிக்கட்டைக் கடிகாரம் சுற்றும் பக்கம் லேசாய்த் திருப்ப, நடுவில் ஸ்கேல் வில்லாய் வளைந்து, அவள் கையில் இருந்த நுனி எதிர்ப்பக்கம் திரும்பிப் பிடி நழுவி டப்பென்று தெறித்தது. தாமிராவுக்குப் பெரிய வேடிக்கை. கொக்கரித்தாள். இன்னொரு தடவை. இவன் இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் திரும்புகிறது, பார்த்தியா, மாத்து மாத்து, கனிராஜ் சொன்னது சரிதான். டப். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நழுவாமல் இருக்கட்டும் என்று அவன் தன் இடது கையை அவள் குட்டி முஷ்டியின் மேல் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருப்பினான். ஸ்கேல் இப்போது வில்லாய் வளையவில்லை. பாம்பாய் நெளிந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அவன் கை ரெண்டும் அப்படியே நின்றன. விரலும் நின்றுவிட்டது.

பொறு. பொறு, குட்டி, கடிக்காதே. நழுவின நுனி எதிர்ப்பக்கம் திரும்பியது, ஆமாம், ஆனால் அது நழுவின நுனி, யாரும் பிடிக்காத நுனி. கணக்கில் நுனி நழுவவில்லையே, பூட்டித்தானே வைத்திருக்கிறோம், திரும்பவிடாமல் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறாரே. எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறதைத் திரும்பவிடாமல் பிடிக்கிற கை எந்தப் பக்கம் திருக வேண்டும்? இடது உள்ளங்கையைக் கவனித்தான், அதற்குள் சூடாய், எச்சிலாய், அவள் முஷ்டி. திருகல் அந்தக் கையில் இருந்தது, வலது கையில் இருந்ததில் பாதி மாதிரி, லேசாய், ஆனால் சந்தேகமே இல்லை, கடிகாரம் சுற்றும் பக்கம். இந்தக் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே. மறுபடி செய்தான். அந்தப் பக்கமே. தலைகீழாய்ச் செய்தான், இந்தக் கையை எதிராய்த் திருப்ப, அந்தக் கையும் எதிராய். பாதி கடத்தும்போது குறி மாறாது. பங்கு பிரிக்கும்போது மட்டும்தான் மாறும். மாத்து, மாத்து, மாத்து இல்லை. மாற்று, அப்படியே விடு. மாற்று, அப்படியே விடு. அட, தூளியே. உன் ராகம் செய்த வேலையா இது, நீ போய் வந்த அழகுக்கு நான் கணக்கையே வளைத்துவிட்டேனே. பேனாவை வாயால் திறந்தான், முப்பது மைனஸ், ஏக்குப் போகும் பதினைந்தும் மைனஸ், ஏயில் ஏற்கெனவே இருப்பது மைனஸ் அறுபது, அப்படியானால் குறையவில்லை, கூடுகிறது, எழுபத்தைந்து, அப்புறம் கொசுறு வந்து சேர, எழுபத்தாறு. நடுவில் பியைப் பார், அதே இருபத்தெட்டு, அதே சமன், குறி சறுக்கியது ரெண்டு தடவை, ரெண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு நடுவில் நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை பேரும் ஏமாந்தோம். எழுபத்தாறு. பூட்டைத் திறந்துகொண்டு பி இளகியது, அறுபது சுமந்தது இருபத்தெட்டுக்கு இறங்கியது. இறங்கினது எங்கே போகும், காற்றிலா போகும், ஏ அறுபது சுமந்தது எழுபத்தாறு சுமக்கிறது. ஒரு சத்தம் இல்லை, சுவருக்குள் இருந்தபடி. நான் பாத்துக்கிடுதேன். அவள் விடியுமுன்னே எழுந்து வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் அவன் காதில் கேட்டது, அவன் தூக்கத்தில் புரண்டு படுப்பான். தாமிரா அதே நேரம் தாளைப் பிடித்து வாயில் வைத்துவிட்டாள், எழுபத்தாறில் ஆறு ஈரமாகி மை கரைந்தது. "தின்னுட்டி, தின்னு, இனி அது எனக்கு அழியாது" என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்கிற சிரிப்பில் சேலை குலுங்கியது.

குழுவில் இதுவரை அவன் குரல் செய்தி போட்டதே இல்லை, கட்டைவிரல் படம்தான் போடுவான். இன்றைக்கு அமுக்கினான். "கனிராஜ், நான்தாம்ல. நாப்பத்திநாலு இல்ல, எழுபத்தாறு. ஆன்சர் கீ சரி. நம்மதான் தப்பு. ஒரு ஸ்கேல எடு, ஒரு முனைய உன் பொண்டாட்டியத் திரும்பாமப் புடிக்கச் சொல்லு, மறு முனைய நீ திருப்பு, அவ கையி எந்தப் பக்கம் போகுதுன்னு கேளு." பின்னால் தாமிராவும் ஏதோ சொன்னாள், அதுவும் சேர்ந்தே போனது.  பிறகு போன் முனகியது. "ஏல, எனக்கு ஏதுல பொண்டாட்டி, எங்க அம்மையப் புடிக்கச் சொன்னேன். ஸ்கேலாலயே ஒண்ணு போட்டுட்டு, அப்புறம் புடிச்சா." ஒரு மூச்சு. "ஒரே பக்கந்தாம்ல போகுது." இன்னொரு மூச்சு. "அந்த மனுவ எழுதுனவன் எவம்ல, கிறுக்குப்பய." அது வரைக்கும் கனிராஜின் குரல் இத்தனை தாழ்ந்து இசக்கிராஜா கேட்டதில்லை.

வாசலில் வண்டி நின்றது. பிரம்மசக்தி உள்ளே வரும்போதே ஸ்பிரிட் வாசமும் வெயில் வாசமும் சேர்ந்து வரும், கைப்பையை ஆணியில் மாட்டி, முகம் கழுவி, துடைக்காமலே வந்து நின்றாள். "என்ன, ரெண்டு பேரும் இளிச்சிக்கிட்டு இருக்கீங்க? புள்ள வாயில என்ன மை?" அவன் ஸ்கேலின் எச்சில் நுனியை அவளிடம் நீட்டினான். "இதத் திரும்பாமப் புடி." "எதுக்கு?" "புடியேன்." பிடித்தாள், நாள் முழுக்க நரம்பைத் தேடித் தேடிப் பழகின கை, தப்பாமல் பிடித்தது. அவன் திருப்பினான். "என்ன தெரியுது?" "உங்க பக்கமாத்தான் என் கையையும் திருப்ப வேண்டியிருக்கு" என்றாள். "எழுபத்தாறு" என்றான் அவன். "என்னையவா சொல்லுதீங்க? கல்யாணத்துக்கு முந்தி அம்பது கிலோதான் இருந்தேன்." அவன் சிரிக்கப் போய், சிரிக்க முடியாமல், "சக்தி, உனக்கு ரொம்பப் பாரமாருக்கா?" என்று கேட்டான். கேட்டதே அவனுக்கு ஆச்சரியம், வாய்க்கு வந்தது இன்றைக்கு வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அவள் தூளிக்குள் கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அதன் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள், அப்புறம்தான் சொன்னாள். "இருக்கத்தான் செய்யும். அதுக்கு? காலையில அண்ணன் தோஹாவுல இருந்து பேசினான், உங்க பாஸ்போர்ட் நகல அனுப்பச் சொன்னான். அவுக வரமாட்டாகன்னு சொல்லிட்டேன்." "பரீட்சை இன்னும் எழுதவே இல்லையே, பாசாகலைன்னா?" "ஆகலைன்னா அடுத்ததுக்குப் படிங்க, இல்ல இங்க உள்ள சைட்டுக்குப் போங்க. நீங்க போயிட்டா தூளிய யாரு ஆட்ட? எனக்கு அந்தப் பாட்டு வராது." "என்னையக் கேக்காம நீ ஏன் சொன்ன?" "உங்களக் கேட்டா நீங்க யோசிப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள், பிள்ளை அவள் தோளுக்குமேல் இவனைப் பார்த்து, ஸ்கேலைக் கொடு, ஸ்கேலைக் கொடு என்று கையை நீட்டியது. இந்தா வாரேன் என்று இசக்கிராஜா துள்ளி எழுந்தான், விரலில் கயிறு இருப்பதை மறந்து எழுந்தான், வெறும் தூளி அவனோடு சேர்ந்து பாய்ந்து வந்து முதுகில் மோத, ஒற்றைக் காலில் அவன் நொண்டி நொண்டி நின்றான், மேலே லாரிக் கொக்கி அசையவே இல்லை. அடுப்படியிலிருந்து தாயும் மகளும் சிரிக்கிற சத்தம் ஒரே பக்கமாய் வந்தது.